துருவும் மலமும்

மாசி மகத்தன்று மயிலம் முருகன் முதலிய உற்சவ மூர்த்திகள் தீர்த்தவாரிக்கு, அதாவது கடல்நீராட்டுக்கு, எழுந்தருளும் வைத்திக்குப்பம் கடற்கரையின் உப்புக்காற்றில், 1988 முதல் வெளியான 10, 25, 50 காசு எஃகு நாணயங்களும் பழுப்புப் புள்ளி ஏறக்கூடியவையே. குரோமியம் கலந்த துருப்பிடியா எஃகாயினும், அதன் மெல்லிய காப்புப் படலத்தை உப்பிலுள்ள குளோரைடு துளைத்துவிடும். புளிக்கரைசலிலோ எலுமிச்சைச் சாற்றிலோ சிறிது நேரம் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் மெல்லத் தேய்த்து, நல்ல நீரில் அலசி, ஈரம் போகத் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினால் அத்துரு நீங்கும். அளவுக்கு மிஞ்சி ஊறினால் அமிலம் நாணயத்தையே அரிக்கும்.

நாணயத்தில் இடையில் ஏறும் இத்துருவைப் பார்க்கையில், உயிரைப் பற்றிய அழுக்கும் அவ்வாறு இடையில் வந்ததா, உடனிருப்பதா என்னும் சைவ சித்தாந்த வினா இங்கே எழுகிறது. அறிவை மறைக்கும் மூல மலமாகிய ஆணவம், செம்பில் களிம்புபோல் அநாதியாகவே உயிரோடு உள்ளது என்பது அதன் துணிபு. 13ஆம் நூற்றாண்டினரான அருணந்தி சிவாசாரியார், வண்ணான் சாணமும் உவர்மண்ணும் இட்டே துணியின் அழுக்கை வெளுப்பதுபோல், உலகின் மூலப்பொருளாகிய மாயையில் தோன்றிய உடலையும் கருவிகளையும் கொண்டே இறைவன் ஆணவத்தைக் கழுவுகிறான் எனச் சிவஞான சித்தியாரில் விளக்குகிறார். உடலைச் சிறையென்று மட்டும் இகழாமல் மருந்தாகவும் மதிக்கும் இப்பார்வை பெரிதும் போற்றத்தக்கது. ஆயினும் துரு இக்கொள்கைக்கு முழுதும் ஒத்துவராது. துரு என்பது இரும்பே உருமாறியது. அது நீங்குமளவுக்கு நாணயமும் தேய்ந்து குழிபடும். உயிரோ மலம் விலகுவதால் குறைவதில்லை. முத்தியிலும் ஆணவம் அழிவதில்லை, அதன் மறைக்கும் ஆற்றலே அடங்குகிறது என்று சித்தாந்தம் கொள்கிறது.