கைவினையின் விலை

இசைக்கருவி ஒன்றிற்குப் பல இலட்சம் ரூபாய் கொடுத்தல் தகுமா, தகாதா? நம் சங்கத்து இளைஞர் சிலர் இவ்வினாவை எழுப்பியுள்ளனர். 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரில் திருமண மேடைகளில் இசைக்குழு நடத்திப் பிழைப்பவர் அவர்கள். அவர்கள் குறித்த கருவி பேஸ் கிட்டார்; நான்கு தடித்த தந்திகளால் பாட்டின் அடியொலியைத் தாங்குவது. அதன் பெயரறியாதாரும் இளையராஜாவின் பாடல்களைக் கேட்டிருப்பின் அதன் ஒலியை அறிவர். ஆலையில் செய்தது பத்துப் பதினைந்தாயிரம் ரூபாய்க்கும் கிடைக்கின்றது. நியூயார்க்கு நகரில் போடேரா என்னும் பட்டறையார் கையால் செய்து விற்பதோ பல இலட்சம் பெறும். கடன்பட்டேனும் அத்தகைய ஒன்றை வாங்கலாமா என்பதே கேள்வி.

ஆசை துன்பத்திற்கு ஏது, ஆதலின் வேண்டா என்று ஒரே மொழியில் முடித்துவிடுவார் நம்மில் உளர். அது கேட்டவன் வாயை அடைப்பதேயன்றி விடையாகாது. உபோசத நாளில் எட்டுச் சீலம் காப்போர் இசையை விலக்குதல் முறை. ஏனைய நாட்களில் இல்லறத்தார் இசை பயில்வதைப் பஞ்சசீலம் தடுக்கவில்லை. சோண தேரர் துறவு பூணுமுன் வீணை பயின்றவர். அவருக்கு முயற்சியின் அளவை விளக்கப் பகவன் எடுத்துக்கொண்ட உவமையும் வீணைத் தந்தியே அன்றோ?

விலையைப் பற்றி எண்ணுவார்க்கு மற்றொரு வீணைக் கதை உதவும். சங்யுத்த நிகாயத்தில் உள்ளது. வீணையொலியை முன்னம் கேட்டறியாத அரசன் ஒருவன் அதனைக் கேட்டு மயங்கி, அவ்வொலியைக் கொண்டுவருமாறு ஏவினான். ஏவலர் வீணையைக் கொணர்ந்தனர். கருவி எனக்கு வேண்டா, ஒலியே வேண்டும் என்றான் அரசன். குடமும் தோலும் தண்டும் தந்தியும், மீட்டுவோன் முயற்சியும் கூடியவழியே ஒலி பிறக்கும் என்று அவர்கள் விளக்கியும் அவன் தெளியவில்லை. கருவியைப் பிளந்தான்; சிம்புகளாக்கினான்; எரித்துச் சாம்பலைக் காற்றில் தூற்றினான். ஒலி அகப்படவில்லை. ஐந்து கந்தங்களுள் "நான்" என ஒன்றைத் தேடுவார்க்குப் பகவன் கூறியது இது. கடைக்குச் செல்வார்க்கும் இது பொருந்துமென்பது என் கருத்து. பெரும் பொருள் கொடுத்தவன் வீட்டுக்குக் கொண்டுவருவது மரமும் கம்பியுமே. ஒலி அவன் பின்னே வருவதில்லை.

இதற்குச் சான்று அமெரிக்கக் கறுப்பினத்தவரான ஜேம்ஸ் ஜேமர்சன். 1960-களில் மோட்டவுன் நிறுவனத்தின் புகழ்பெற்ற பாடல்கள் பலவற்றிற்கு பேஸ் வாசித்தவர் அவரே. அவர் பெரிதும் கையாண்டது 1962-இல் செய்யப்பட்ட பெண்டர் கிட்டார், ஆலைப் பொருள். 1951-இல் அவ்வகையை முதலில் வெளியிட்டபோதே, உடலையும் கழுத்தையும் திருகாணிகளால் பிணைக்கும்படி, தொழிலாளர் விரைந்து செய்து குவிக்கும் முறையில் அமைத்திருந்தனர். இன்று உலகம் வியக்கும் வாசிப்பு அதிலிருந்தே பிறந்தது. ஆயினும் அவர் பெயர் நெடுங்காலம் இசைத்தட்டின் உறையில் அச்சேறவில்லை. 1971-இல் மார்வின் கேயின் இசைத்தட்டு ஒன்றில்தான் இடம்பெற்றது. 1983-இல் அவர் இறப்பதற்குச் சிறிது முன்னர் அக்கருவியும் களவு போயிற்று.

ஆனால் கைத்திறம் வெறும் மாயம் என்று சொல்ல என் மனம் ஒப்பாது. மர ஆலையில் பலகை அடுக்கிய கை என்னுடையது. ஈரம் வற்றாத பலகை கோணும், வெடிக்கும். பலகைக்கும் பலகைக்கும் இடையே சிறு கட்டை கொடுத்துக் காற்றோட அடுக்கி, மாதக்கணக்கில் காத்திருத்தல் வேண்டும். அவசரப்பட்டால் பின்னர் மரம் பழிவாங்கும். பேஸ் கிட்டாரின் நீண்ட கழுத்தை நான்கு தந்திகளும் இரவும் பகலும் இழுத்துக்கொண்டிருக்கின்றன. நம் தீவின் உப்புக்காற்றோ ஈரம் மிக்கது. பொறுமையாக உலர்த்திய மரத்தையும், அதன் ஓட்டமறிந்து செதுக்கிய கையையும் நாடுதல் பேதைமையன்று. அந்த நாட்களுக்கான கூலியைக் கொடுத்தல் நியாயமே.

அரிய மரத்திற்கென ஏற்றும் விலை வேறு. நம் தீவுகளின் செந்நிறப் படாக் மரத்தை 1883-இல் தோன்றிய சாத்தம் ஆலை அறுத்துக் கடல் கடந்து அனுப்பிய காலம் உண்டு; 2002-இல் உச்ச நீதிமன்றம் இங்கு மரம் வெட்டுதற்குக் கடுமையான வரம்பு விதித்தது. அந்நிய நாட்டு கிட்டார்களில் காணும் படாக் பெரும்பாலும் ஆப்பிரிக்க இனம். வீணையைப் போலக் குடமில்லாத, மின்னால் ஒலிக்கும் கருவியில் மரத்தின் அருமைக்காகக் கொடுக்கும் பொருள் பெரும்பகுதி கண்ணுக்கே செல்கிறது, செவிக்கன்று.

இனி, "கையால் செய்தது" என்னும் சொல்லையே ஆராய வேண்டும். ஆலையில் செய்தது மட்டும் யாருடைய காலால் செய்தது? அபிகேல் இபாரா என்னும் அம்மையார் 1956-இல் பெண்டர் ஆலையில் சேர்ந்து, தந்தியின் அதிர்வை மின்னாக்கும் பிக்கப்புகளுக்கு மயிரிழை போன்ற செம்புக் கம்பியைச் சுற்றினார். 2013-இல் ஓய்வு பெறும்வரை அதே தொழில். தொடக்கத்தில் அது ஆலைச் சரக்கு. பிற்காலத்தில் அவர் கையெழுத்திட்டுக் கொடுத்தவற்றைக் கைவினை என்று தனி விலைக்குக் கொண்டனர். மாறியது அவர் விரலா? பெயர் தெரிந்தபின் விலை ஏறிற்று. பெயர் தெரியாத நாளில் சுற்றியதும் அவ்விரலே. ஆலைத் தொழிலாளியின் கை கையே அன்று என்னும் எண்ணம் இச்சொல்லுக்குள் ஒளிந்திருப்பதை நம்மவர் காண வேண்டும்.

நம் நாட்டிலோ நிலைமை தலைகீழ். மிருதங்கம் முழுதும் கைவினையே. பலாமரத்தைக் குடைந்து, பசுவின் தோலும் ஆட்டின் தோலும் பதமிட்டு மூட்டி, எருமைத்தோல் வாரால் இழுத்து, கிட்டக்கல் பொடியும் சோறும் சேர்த்து வலந்தலையில் கரணை இடுவர். தஞ்சை பர்லாந்து அவ்வாறு பாலக்காட்டு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்தவர். ஐயரை அறியாத கச்சேரி ரசிகர் இலர். பர்லாந்தை அறிந்தார் மிகச் சிலர். அக்குடும்பத்தைப் போன்ற தலித்து வினைஞர்களைப் பற்றி டி. எம். கிருஷ்ணா எழுதிய நூலை 2020-இல் வெளியிடச் சென்னைக் கலாக்ஷேத்ரா முதலில் அரங்கு தர இசைந்து, பின் அவ்வனுமதியைத் திரும்பப் பெற்றது. நூல் வேறிடத்தில் வெளிவந்தது. தோலைத் தொட்டவனைத் தள்ளி நிறுத்தித் தோலின் நாதத்தை மட்டும் உள்ளே அழைத்த வழக்கத்தை நம் பாட்டன்மார் நன்கறிவர். இங்கே கைவினைக்கு விலை மிகுதி என்பது வழக்கன்று; செய்தவனுக்கு விலை போய்ச் சேரவில்லை என்பதே வழக்கு.

ஆகவே, வினவிய இளைஞர்க்கு என் விடை இது. சிகாலனுக்குப் பகவன் வகுத்த முறைப்படி வருவாயை நான்காகப் பிரித்து, ஒரு பங்கைத் துய்ப்பிற்கும், இரு பங்கைத் தொழிலுக்கும், எஞ்சிய ஒன்றை ஆபத்துக் காலத்திற்கும் வையுங்கள். மேடையேறிப் பிழைப்பவனுக்குக் கருவி தொழிற்பொருள். அவ்விரு பங்கிலிருந்து சேர்த்து வாங்குவானாயின் விலை பெரிதென நான் தடுக்கமாட்டேன். ஆனால் செய்த பட்டறையில் உழைப்போர் எத்தனை பேர், பணம் அவர்களைச் சேருகிறதா என்று கேட்டறிந்து வாங்குக. நான்காம் பங்கைத் தொட்டோ, கடன் பத்திரம் எழுதியோ வாங்குதல் வேண்டா. இப்போதுள்ள ஆலைக் கருவியின் கழுத்தை நல்ல வினைஞரிடம் கொடுத்து நேர் செய்து, புதுத் தந்தி பூட்டி, ஓராண்டு வாசித்துப் பாருங்கள். அவர் கேட்கும் கூலியில் பேரம் பேசாதீர்.

பல இலட்சத்திற்கு வாங்கிச் சுவரில் மாட்டி அழகு பார்க்கும் செல்வரைப் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். நம் சங்கத்தில் அத்தகையார் எவரும் இன்மையின், அதனை ஆராயும் தேவை இப்போது எழவில்லை.