வலிமையை ரசிக்கலாமா?

அழகை ரசிப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. மலரை ரசிக்கலாம், மழலையை ரசிக்கலாம், மேற்கே சாய்கிற சூரியனை ரசிக்கலாம். ஆனால் வலிமையை ரசிக்கலாமா? வேகத்தையும் பேரோசையையும் பீரங்கி சுமந்த இரும்பையும் கண்டு சொக்கிப் போகிற மனத்தை நல்ல மனம் என்று சொல்லலாமா? இது வேலையற்றவன் கேட்கிற கேள்வி என்று நினைத்துவிடாதீர்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இந்த ரசனையில்தான் வளர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

செஞ்சிக்கு வடக்கே, தேசூருக்குப் பக்கத்தில், சீயமங்கலம் என்று ஒரு சிற்றூர். அங்கே பிறந்து வளர்ந்த பையன் ஒருவன் எனக்கு மருமகன் முறை. ஒரகடத்தில் ஒரு மோட்டார்த் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். அவனுக்கு உலகத்தில் மூன்றே மூன்று விஷயங்களில்தான் அபிப்பிராயம் உண்டு. மூன்றிலும் அவனை அசைக்க முடியாது. பந்தயக் கார் என்றால் அதன் எஞ்சின் நிமிஷத்துக்கு ஏழாயிரம் சுற்றுக்கு மேல் பாட வேண்டும். கச்சேரி என்றால் ராக் கச்சேரிதான். சங்கீதத்தைக் காதால் கேட்பது பாதி, நெஞ்செலும்பால் கேட்பதே முழுமை. ஓய்வுபெற்ற போர்க்கப்பலை உடைக்கிறவன், தாத்தாவின் கைத்தடியை விறகுக்குப் போடுகிறவன்.

இந்த மூன்றாவது அபிப்பிராயத்துக்குக் காரணம் 'விக்ராந்த்'. 1961-ல் நமது கடற்படையில் சேர்ந்த அந்த விமானந்தாங்கிக் கப்பல் 1997-ல் ஓய்வு பெற்றது. மும்பையில் சில ஆண்டுகள் காட்சிசாலையாக நின்றது. 2014-ல் ஏலம் போய் உடைபட்டது. அதன் உருக்கில் கொஞ்சம் வாங்கி, பஜாஜ் கம்பெனியார் 2016-ல் ஒரு மோட்டார் சைக்கிள் செய்து விற்றார்கள். அதில் ஒன்று நம் பையனிடம் இருக்கிறது.

"இந்த டாங்கிக்குள்ளே 1971 இருக்கிறது, மாமா" என்று அதைத் தட்டிக் காட்டுவான்.

"ஆளைக் கொல்வதற்கென்று செய்த இரும்பை இப்படிக் கொஞ்சுகிறாயே?" என்றேன் ஒருநாள்.

"நீங்கள் மட்டும் செஞ்சிக் கோட்டைமேல் ஏறி மெய்ம்மறந்து நிற்கிறீர்களே, அது என்ன அன்னசத்திரமா? கரையிலே நிற்கிற போர்க்கப்பல்தானே!"

நியாயமான கேள்வி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் மதிலால் பிணைத்தவர்கள், நாம் புளியோதரை மூட்டையோடு போய் இளைப்பாறவா அதைச் செய்தார்கள்? 1677-ல் சிவாஜி அதைப் பிடித்தார். 1690-ல் மொகலாயப் படை தொடங்கிய முற்றுகை 1698-ல்தான் முடிந்தது. பிறகு 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் மனித உயிர்தான் விலை. 2025-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தபோது நான் மகிழ்ந்தேன், நீங்களும் மகிழ்ந்திருப்பீர்கள். ராஜா தேசிங்கின் கதையைக் கேட்டவர்கள் முதலில் கேட்டது அவன் குதிரையின் வேகத்தைத்தானே! ஆகவே இந்த ரசனை புதிதும் அல்ல. இளைஞர்களுக்கு மட்டும் உரியதும் அல்ல.

பல் பிடுங்கிய பாம்பைத்தானே ரசிக்கிறோம், அதில் தோஷம் என்ன என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அந்தச் சமாதானம் எனக்குப் போதவில்லை. பாம்பு யாரைக் கடித்தது என்பதும் அந்தப் பல்லோடு சேர்ந்து போய்விடுகிறதே!

நம் பாஷையிலேயே சாட்சி இருக்கிறது. 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு, 'எம்டன்' என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மேல் குண்டு வீசியது. எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் ஐந்து பேரேனும் மாண்டார்கள். ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. அதே ஆண்டு நவம்பர் 9-ஆம் தேதி, கோகோஸ் தீவுகளுக்கருகே 'சிட்னி' என்ற ஆஸ்திரேலியக் கப்பல் எம்டனை நொறுக்கியது. அதிலிருந்த மாலுமிகள் நூற்று முப்பது பேருக்கு மேல் இறந்தார்கள். இவ்வளவில் நமக்கு மிஞ்சியது என்ன? "அவன் பெரிய எம்டன்!" என்ற ஒரு சொல். அதில் பாதி பயம், பாதி பாராட்டு. இறந்தவர்களுக்கு அந்தச் சொல்லில் ஓர் எழுத்துக்கூட இல்லை.

ரசிப்பது குற்றமில்லை. ரசிக்கும்போது காது அடைத்துப் போகிறதே, அங்கேதான் குற்றம் ஆரம்பிக்கிறது.

1955 ஜூன் 11-ஆம் தேதி பிரான்ஸில் லே மான் பந்தயத்தில் ஒரு மெர்ஸிடிஸ் கார் சிதறிக் கூட்டத்துக்குள் விழுந்தது. எண்பது பேருக்கு மேல் மாண்டார்கள். பந்தயம் நிற்கவில்லை. நிறுத்தினால் கலைகிற கூட்டம் ஆம்புலன்ஸுகளை மறித்துவிடும் என்று காரணம் சொன்னார்கள். காரணம் சரியாகவே இருக்கட்டும். மறுநாள் ஜெயித்தவர் ஷாம்பேன் பருகும் படமும் பத்திரிகையில் வந்ததே, அதற்கு என்ன காரணம் சொல்வது? 1979 டிசம்பர் 3-ஆம் தேதி அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்தில் 'தி ஹூ' என்ற ராக் குழுவின் கச்சேரி. வாசல் நெரிசலில் பதினொரு பேர் மூச்சு முட்டிச் செத்தார்கள். உள்ளே கச்சேரி கடைசிவரை நடந்தது. பாடியவர்களுக்கே சேதி பிறகுதான் தெரிந்தது. அவ்வளவு தூரம் போவானேன்? 2024 அக்டோபர் 6-ஆம் தேதி மெரினாவில் விமானப்படையின் சாகசக் காட்சி நடந்தது. வானத்தை அண்ணாந்து பார்த்த அந்த ஜனசமுத்திரத்தில் வெயில் தாங்காமல் ஐந்து பேர் இறந்துபோனார்கள்.

இந்த இடங்களில் கூடியவர்கள் கொடியவர்கள் அல்லர். உங்களையும் என்னையும் போன்றவர்கள். கண் முழுவதையும் பெரியதற்குக் கொடுத்துவிட்டால், பக்கத்தில் சரிகிறவனைப் பார்க்கக் கண் மிச்சம் இருப்பதில்லை.

அதற்காக வலிமையை வெறுத்துவிடு என்று உபதேசிக்க நான் வரவில்லை. அந்த உபதேசத்தை யாரும் கேட்டதில்லை. கேட்கப் போவதும் இல்லை. வேறொரு வழியை நம் முன்னோர்கள் வைத்திருந்தார்கள். அதற்குச் சான்று, சீயமங்கலம் இருக்கும் அதே திருவண்ணாமலை மாவட்டத்தில், எடுத்தனூரில் நிற்கிற ஒரு நடுகல். ஏழாம் நூற்றாண்டு; மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டு. மாடு பிடி சண்டையில் விழுந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எழுப்பியது. அவனோடு நின்று, கள்ளர் இருவரைக் கடித்துக் காத்த ஒரு நாயையும் அந்தக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன் என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

ஒரு நாயின் பெயர்! வீரத்தைக் கொண்டாடியவன் கூடவே கணக்கையும் எழுதினான். யார் விழுந்தான், எந்தச் சண்டையில் விழுந்தான், பக்கத்தில் எது நின்றது என்று சொல்லித்தான் வீரத்தைச் சொன்னான். நம் பையன்கள் கப்பலின் நீளத்தையும் எஞ்சினின் குதிரைசக்தியையும் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். ஒப்பிக்கட்டும். அதே மூச்சில் மிச்சத்தையும் சொல்லவேண்டும். விக்ராந்தின் விமானங்கள் 1971 டிசம்பரில் சிட்டகாங்கைத் தாக்கியதைச் சொல்கிறவன், விக்ராந்தைத் தேடி வந்த 'காஸி' என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கி விசாகப்பட்டினத்துக்கு வெளியே தன் ஆட்கள் அத்தனை பேரோடும் கடலடியில் கிடப்பதையும் சொல்லவேண்டும். அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள். அப்படிச் சொன்ன பிறகும் ரசனை மிஞ்சினால் அது உண்மையான ரசனை. மிஞ்சாவிட்டால் போகட்டும், அது வெறும் போதை.

சீயமங்கலத்தில் அதே மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் ஒன்று உண்டு. ஊரின் பெயரிலேயே சிங்கம் இருக்கிறது. சீயம் என்றால் சிங்கம். அந்தக் குகையின் அரைத்தூண் ஒன்றில், உயரத்தில், சிவன் ஆடுகிறான். தமிழ்நாட்டுக் கல்லில் நமக்குக் கிடைத்திருக்கிற ஆடல்வல்லான் உருவங்களில் மிகப் பழையவற்றில் அது ஒன்று. பிற்காலத்து நடராஜர் காலடியில் கிடக்கும் முயலகன் அங்கே இல்லை. முயலகன் அறியாமையின் உருவம், மிதிபட வேண்டியவன்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள், இருக்கலாம். ஆனால் பந்தயத்திலும் கச்சேரியிலும் போரிலும் மிதிபடுகிறது அறியாமை அல்ல, ஆள். யாரையும் மிதிக்காமலே அத்தனை வேகமாக ஆட முடியும் என்று யாரோ ஒரு சிற்பி ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே செதுக்கி வைத்திருக்கிறான்.