கண்ணாடித் தொட்டியில் ஓர் ஐயறிவுயிர்



இராசகிருக நகரில் நாகதத்தன் என்னும் வணிகன் வாழ்ந்தான். மாயம் நீங்கா மனத்தோடு இறந்தமையால், தன் வீட்டு முற்றத்துக் கிணற்றிலேயே தவளையாகப் பிறந்தான். நீர் முகக்க வந்த மனைவி பவதத்தையைக் கண்டதும் முற்பிறப்பு நினைவு தோன்ற, அத்தவளை அவள்மீது தாவித் தாவி ஏறிற்று. அவள் அஞ்சி உதறினாள். பின்னர் அவதிஞானியாகிய சுவிரத முனிவரை வினவி உண்மை தெளிந்து, அதனை வீட்டிற்குக் கொணர்ந்து மதிப்புடன் பேணினாள். வர்த்தமான தீர்த்தங்கரர் விபுலகிரியில் எழுந்தருளியுள்ளார் என்று முரசு அறைந்த நாளில் ஊரார் திரண்டு சென்றபோது, அத்தவளையும் ஒரு தாமரை இதழைக் கவ்விக்கொண்டு புறப்பட்டது. வழியில் சிரேணிக மன்னனின் யானைக் காலில் மிதிபட்டு மாண்டது. வழிபடும் எண்ணத்தோடே மாண்டமையால் தேவனாகப் பிறந்து, முடியில் தவளைக் குறியோடு சமவசரணத்தில் வந்து நின்றது. சமந்தபத்திர ஆச்சாரியார் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் ஒரே சுலோகத்தில் சுட்டிய இதனை உரையாசிரியர் பிரபாசந்திரர் கதையாக விரித்தார். நம்மில் பலர் பாட்டிமார் மடியில் கேட்டதும் இதுவே.

இக்கதையை இப்போது எடுத்ததற்கு ஒரு கடிதம் காரணம். எம் மகள் குடும்பம் அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் வாழ்கிறது. பத்து வயதுப் பெயர்த்தி தன் பிறந்தநாளுக்குப் பச்சை மரத்தவளை ஒன்று வேண்டும் என்கிறாளாம். அங்கே தவளைகளைக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பது நாய், கிளி வளர்ப்பது போன்ற வழக்கம். தாய் மறுத்தபோது குழந்தை கேட்ட வினாவை மகள் அப்படியே எழுதியிருந்தாள். "பாட்டியைக் கேளும்மா. இது காட்டுல பிடிச்சது இல்ல, வளர்ப்புலயே பிறந்ததுன்னு கடைக்காரர் சொன்னாரு. அப்போ பாவம் இல்லதானே?"

நல்ல வினா. "எல்லாம் பாவமே" என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுவது எளிது. அவ்வாறு தள்ளினால், காட்டில் பிடித்ததற்கும் வளர்ப்பில் பிறந்ததற்கும் வேறுபாடே இல்லை என்றாகிவிடும். வேறுபாடு உண்டு, அதனை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கொலம்பியா நாட்டின் மேற்குக் காடுகளில் சுட்டுவிரல் நுனியில் அமரத்தக்க வண்ணத் தவளைகள் வாழ்கின்றன. நச்சு அம்புத் தவளைகள் என்பது அவ்வினத்திற்குப் பெயர். அவற்றுள் சிலவற்றின் தாய், முட்டையிலிருந்து வெளிவந்த தலைப்பிரட்டையை முதுகில் சுமந்து சென்று, இலைக்கக்கத்தில் தேங்கிய சிறிதளவு நீரில் விடுகிறது. மீண்டும் மீண்டும் அங்கே வந்து, கருவுறாத முட்டைகளை இட்டு அதனை ஊட்டுகிறது. குஞ்சுகள் மிகச் சில. தாயைப் பிடித்தவன் அந்த இலைநீரில் காத்திருப்பதையும் சேர்த்தே கொல்கிறான். 2024-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் போகோட்டா விமான நிலையத்தில் ஒரு பெண்ணின் பெட்டியில் இவ்வகைத் தவளைகள் 130 கண்டெடுக்கப்பட்டன. பழைய நிழற்படச் சுருள் அடைக்கும் சிறு குப்பிகளில் அவை அடைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஆயிரம் டாலர் பெறும் என்று காவல்துறையினர் கூறினர்.

வாங்குவோன் காட்டிற்குச் செல்லவில்லை, கையால் பிடிக்கவுமில்லை. ஆயினும் கள்ளாமை என்னும் அணுவிரதத்திற்கு நம் ஆச்சாரியர்கள் எண்ணிய அதிசாரங்களில், திருடிக் கொணர்ந்ததை ஏற்றுக்கொள்ளுதலும் ஒன்று. தான் செய்தல், பிறரால் செய்வித்தல், செய்தாரை உடன்படல் என்னும் மூன்றையும் நம் அறம் ஒரே தராசில் வைக்கிறது. இதனை உணர்வதற்கு நாம் கொலம்பியா வரை செல்ல வேண்டியதில்லை. நம் நாட்டு வயல்களில் மழைக்கால இரவுகளில் விளக்கேந்திச் சாக்குச் சாக்காகத் தவளை பிடித்தவர்கள் ஏழைகள். அதன் கால்களை உண்டவர்கள் கடல் கடந்த செல்வர்கள். 1987-ஆம் ஆண்டில் நடுவண் அரசு அந்த ஏற்றுமதியைத் தடை செய்த பிறகே அது ஓய்ந்தது. உண்பவன் கை நீளாதிருந்தால் விளக்கேந்தியவன் வரப்பில் இறங்கியிருக்க மாட்டான்.

தவளை வாணிபத்தால் வந்த இன்னொரு கேட்டையும் சொல்ல வேண்டும். தவளையின் தோலைப் பற்றும் ஒருவகைப் பூஞ்சை, நாடு விட்டு நாடு கொண்டுசெல்லப்பட்ட தவளைகளோடு உலகெங்கும் பரவியது. இதனால் நலிந்த நீர்நில வாழ் இனங்கள் குறைந்தது 501 என்றும், அவற்றுள் 90 இனங்கள் அற்றுப் போயிருக்கலாம் என்றும் 2019-ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். தவளை தோலாலும் மூச்சு விடும், தோலாலேயே நீர் பருகும். அத்தோல் கெட்டால் உயிர் நில்லாது.

வளர்ப்பில் பிறந்த தவளை இவற்றுள் திருட்டுப் பழியினின்று பெரிதும் நீங்கியது. கொலம்பியாவிலேயே தெசோரோஸ் டி கொலம்பியா என்னும் நிறுவனம், கள்ளச் சந்தையின் விலையை வீழ்த்தும் நோக்கோடு, அரசு அனுமதி பெற்று இத்தவளைகளைப் பெருக்கி விற்று வருகிறது. இம்முயற்சியை யாம் இகழ மாட்டோம். ஆனால் காட்டில் பிடித்ததை வளர்ப்பில் பிறந்தது என்று பொய்யாக எழுதி விற்பவர்களும் உலகில் உண்டு. கடைக்காரர் வாய்ச்சொல் மட்டும் போதாது.

அச்சொல் மெய்யே என்று கொள்வோம். அப்போதும் கொல்லாமை விரதத்தின் ஐந்து அதிசாரங்களில் முதலாவதாகிய பந்தம், அதாவது கட்டுதல், எதிரே நிற்கிறது. ஓர் உயிர் தான் விரும்பும் இடத்திற்குச் செல்லாவண்ணம் தடுப்பதே பந்தம் என்பது பூச்சியபாதர் உரையின் கருத்து. தொட்டியிலே பிறந்ததற்கு விரும்பும் இடம் வேறு ஏது என்று கேட்கலாம். காட்டில் பிடிபட்டது கண்ணாடியில் மோதி மோதி மூக்கைப் புண்ணாக்கிக் கொள்கிறது; வளர்ப்பில் பிறந்தது அவ்வளவு மோதுவதில்லை என்பது உண்மையே. ஆனால் மோதாமை விருப்பமின்மை ஆகுமா? மேலும் இக்கட்டு ஒருமுறை இட்டால் அவிழாதது. வளர்ப்புத் தவளையை இரக்கப்பட்டு அயல்நாட்டுக் குளத்தில் விட்டால், அது மடியும். நோயைச் சுமந்திருந்தால் அக்குளத்துத் தவளைகளும் மடியும். நச்சு அம்புத் தவளைகள் தம் நஞ்சைக் காட்டு எறும்பிலிருந்தும் சிற்றுண்ணியிலிருந்தும் பெறுகின்றன. தொட்டியில் பிறந்தவற்றிற்கு அந்நஞ்சே இல்லை. காப்பும் போய், காடும் போய், நம் கையையே நம்பி நிற்கும் உயிராக அதனை ஆக்குகிறோம். பசுவைக் கட்டவில்லையா என்பீர்கள். இல்வாழ்வின் தேவைக்காக, வருந்தாவண்ணம், அவிழ்க்கத்தக்க கட்டு இடுவதைப் பெரியோர் பொறுத்தனர். கண்ணுக்கு இன்பம் தவிர வேறு பயனற்ற கட்டோ அநர்த்த தண்டத்தின்பாற் படும்.

இதனினும் கடினமானது உணவு. தவளை இலை தின்னாது. அசைவதையே உண்ணும். சில் வண்டுகளைப் பெட்டி பெட்டியாக உயிரோடு விற்கின்றார்களாம். வாரந்தோறும் வாங்கிப் போட வேண்டும். பச்சை மரத்தவளை நன்கு பேணினால் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் வாழும். ஓர் ஐயறிவுயிரைக் கண்டு மகிழ எத்தனை ஆயிரம் நான்கறிவுயிர்கள்! பூனை முதலிய ஊனுண்ணும் விலங்குகளை வளர்த்தல் சாவகர்க்கு ஆகாது என்று நம் முன்னோர் விலக்கியது இதனாலேயே. குளத்துத் தவளையும் பூச்சியைத்தானே உண்கிறது? ஆம், உண்கிறது. அங்கே நம் கை இல்லை.

இவ்வளவும் எழுதிய பின் எம்மைப் பற்றியும் எழுதாவிடில் அது மாயம். ஆசிரியப் பயிற்சியில் உயிருள்ள பொருளைக் காட்டியே பாடம் நடத்த வேண்டும் என்று கற்றோம். ஆண்டுதோறும் ஆடி, ஆவணியில் பிள்ளைகளைக் குளத்திற்கு அனுப்பித் தலைப்பிரட்டைகளை வாயகன்ற சீசாவில் பிடித்து வரச் செய்தோம். கால் முளைப்பதைக் காட்டினோம். பயிற்சிக் கல்லூரியிலிருந்து வந்த பார்வையாளர் பாராட்டியதும் உண்டு. வால் சுருங்கிய குட்டித் தவளை மூச்சு விட நீரை விட்டு ஏற ஒரு கல் வேண்டும். சீசாவில் அக்கல் இல்லை. காலையில் வந்து பார்த்தால் மிதக்கும். ஊற்றிவிட்டு அடுத்த பாடம் எடுத்தோம். நான்காம் ஆண்டிலோ ஐந்தாம் ஆண்டிலோ ஒரு மாணவி, "டீச்சர், நம்ம கையாலதான செத்துச்சு?" என்று கேட்டாள். அவளை அமரச் சொன்னோம். அதன் பிறகே வகுப்பைக் குளக்கரைக்கு அழைத்துச் செல்லும் வழக்கத்தைத் தொடங்கினோம். பிரதிக்கிரமணத்தில் இன்றும் அச்சீசா நினைவுக்கு வருகிறது.

ஆகவே பெயர்த்திக்குச் சினமின்றி விடை எழுதினோம். கடையில் வாங்க வேண்டாம். காட்டில் பிடித்ததாயின் ஒருபோதும் வேண்டாம். வளர்ப்பில் பிறந்ததாயின் குற்றம் சிறிது, ஆயினும் அக்கட்டும் அவ்வுணவும் நம் கையில் ஒட்டும் என்று விளக்கினோம். நாகதத்தன் கதையையும் எழுதினோம். பவதத்தை அத்தவளையைப் பேணினாள், ஆனால் மூடி போட்டு வைக்கவில்லை. வைத்திருந்தால் இதழைக் கவ்வி அது எங்ஙனம் புறப்பட்டிருக்கும்?

மகள் மறுமடல் எழுதினாள். ஊர் மாறிச் செல்லும் அண்டை வீட்டார் தம் தவளையை யாரேனும் ஏற்பார்களா என்று கேட்கின்றனராம். ஏற்கெனவே கட்டுண்ட உயிர். கைவிட்டால் உணவு நீர் தடுத்தலாகிய ஐந்தாம் அதிசாரம். வேறு எவரும் ஏற்கவில்லையெனில் ஏற்கலாம், அதன் பிறகு இன்னொன்று வாங்கலாகாது என்று எழுதினோம். சில் வண்டுகளை எண்ணுகையில் இவ்விடையில் எமக்கு முழு அமைதி இல்லை. இதனினும் நல்வழி அறிந்த பெரியோர் எழுதினால் ஏற்போம். நல்வினையாக அவ்வூர் ஆசிரியர் ஒருவர் அதனை வாங்கிக்கொண்டார்.

ஒகாயோவில் பனி உருகும் மார்ச், ஏப்ரல் மாலைகளில், கட்டைவிரல் நகமளவே உள்ள தவளைகள் குளங்களில் மணி ஒலிப்பது போல் கூவும். அதனைக் கேட்டு வரும்படி பெயர்த்திக்குச் சொல்லியிருந்தோம். தந்தையுடன் பள்ளிக்கு அருகிலுள்ள குட்டைக்குச் சென்று அரைமணி நேரம் நின்றாளாம். நூற்றுக்கணக்கில் கூவினவாம். ஒன்றைக்கூடக் காணவில்லை, நாளையும் போக வேண்டும் என்கிறாளாம்.