இரண்டு தீமைகளுக்கு முன்னால் ஒரு புள்ளடி

2010 ஜனவரி 26ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலில் எங்கள் கையில் தரப்பட்ட வாக்குச்சீட்டைப் போல மனத்தை அறுத்த சீட்டு இன்னொன்று இல்லை. முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து எட்டு மாதங்கள்தான் ஆகியிருந்தன. சீட்டில் 22 பெயர்கள் இருந்தன. வெல்லக்கூடியவர்கள் இருவர். ஒருவர் போரை நடத்திய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச. மற்றவர் அதே போரில் இராணுவத் தளபதியாக நின்ற சரத் பொன்சேகா. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பொன்சேகாவுக்கு வாக்களிக்கச் சொன்னது. மட்டக்களப்பு மாவட்டத்தில் விழுந்த வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அவருக்கே போயின. அதே சீட்டில் தமிழ் வேட்பாளர் எம். கே. சிவாஜிலிங்கத்தின் பெயரும் இருந்தது. நாடு முழுவதிலும் அவருக்குக் கிடைத்தவை பத்தாயிரத்துக்கும் குறைவான வாக்குகள்.

போரில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தளபதியின் பெயருக்கு நேரே புள்ளடி போட்டுவிட்டு வீடு திரும்பியதை என்னவென்று சொல்வது? அது தோல்வியா, விவேகமா? நெஞ்சுக்கு உண்மையாக வாக்களிப்பதா, வரக்கூடிய கேட்டில் குறைந்ததைப் பார்த்து வாக்களிப்பதா? மட்டக்களப்பின் கிரான் ஊரில் ஒவ்வொரு தேர்தலுக்கும் இந்த வழக்கு நடக்கிறது. தேநீர்க் கடையில், கோயில் வீதியில், ஒரே வீட்டுத் திண்ணையில்கூட.

என் மச்சான் ஒருவர் கொள்கையின் பக்கம். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. “நம்மட வாக்கு வேற எங்கயும் போகாது எண்டு அவனுகளுக்கு நல்லாத் தெரியும். பிறகு ஏன் நம்மளத் திரும்பிப் பாப்பானுகள்?” என்பார். 2010இல் பொன்சேகா, 2015இல் மைத்திரிபால சிறிசேன, 2019இலும் 2024இலும் சஜித் பிரேமதாச. நான்கு தேர்தல்களிலும் தமிழ்த் தலைமை கைகாட்டியது தென்னிலங்கையின் இரண்டாவது பெரிய அணியை. 2006இல் பிறந்த பிள்ளை 2024இல் முதன்முதலாக வாக்களிக்கப் போனபோதும் ‘இந்த முறை மட்டும் பொறுத்துக்கொள்’ என்ற அதே சொல்தான் அதன் காதில் விழுந்தது. தலைமுறை கடந்த பிறகும் முடியாத ‘இந்த முறை’யை எப்படித் தற்காலிகம் என்பது?

என் மாமி ஒருவருக்கு ஆற்றுக்கு அப்பால் மாட்டுப்பட்டி உண்டு. அவர் கேட்பது வேறு. “கொள்கை எல்லாம் சரிதான் மனே. பட்டி அங்கால கிடக்கு. ஆரு வந்தா காட்டுக்குப் போறவனச் சுடாம விடுவான் எண்டுதான் நான் பாக்கிறன்.”

மாமியின் கணக்கைச் சுயநலம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. கிரான் பாலத்தைத் தாண்டிப் போனால் புலிபாய்ந்தகல், அதற்கும் அப்பால் குடும்பிமலை. மாரி பெருத்தால் வீதி வெள்ளத்தில் மறைந்துவிடும், படகில்தான் போக்குவரத்து. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரையை அத்துமீறிப் பிடிக்கிறார்கள், மாடுகளைக் கொல்கிறார்கள் என்று பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் வீதியோரம் குந்தினார்கள். அந்தப் போராட்டம் மாதக்கணக்கில் நீண்டது. கொழும்பில் இருப்பவருக்கும் கனடாவில் இருப்பவருக்கும் இரண்டு சிங்கள வேட்பாளர்களுக்கு இடையிலான வித்தியாசம் நூலளவாகத் தெரியலாம். அந்த நூலளவுக்குள்தான் ஆற்றுக்கு அப்பால் இருப்பவர்கள் குடித்தனம் நடத்துகிறார்கள். வீதியில் குந்த விடுவார்களா, குந்தியவனை இரவில் வந்து விசாரிப்பார்களா என்பதே அவர்களுக்கு ஒரு முழு வாழ்க்கையின் வித்தியாசம்.

2005ஐ நினைத்தால் இது இன்னும் தெளிவாகும். அந்த நவம்பரில் விடுதலைப் புலிகள் தேர்தலைப் புறக்கணிக்க வைத்தார்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட வாக்களிக்கவில்லை. மட்டக்களப்பில் ஏறக்குறையப் பாதிப்பேர்தான் வாக்களித்தார்கள். மகிந்த ராஜபக்ச ரணில் விக்கிரமசிங்கவை வென்றது ஏறத்தாழ 180,000 வாக்குகளால். ரணில் வென்றிருந்தால் போர் வந்திராது என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அடுத்த பதினெட்டு மாதங்களுக்குள் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் மூட்டை முடிச்சுடன் பல்லாயிரம் சனம் ஓடியது. புறக்கணிப்பா வாக்களிப்பா என்று அந்தச் சனத்தை யாரும் கேட்டிருக்கவில்லை. இன்னொருவன் கட்டாயத்தால் காத்த கொள்கை கொள்கையே அல்ல. தானாகக் காக்கும் கொள்கைக்கும் ஒரு கேள்வி உண்டு: அதன் விலையைச் செலுத்தப் போவது யார்? விலை என் தலையில் மட்டும் விழுமென்றால் நான் எவ்வளவு உறுதியாகவும் நிற்கலாம். மாமியின் பட்டியில் விழுமென்றால் அவரைக் கேளாமல் நிற்க எனக்கு உரிமையில்லை.

அதனால்தான் 2015இல் மைத்திரிக்கு வாக்களித்தவர்களை நான் ஏமாளிகள் என்று சொல்லமாட்டேன். அவர் வென்ற வித்தியாசம் சுமார் 449,000. வடக்கும் கிழக்கும் மட்டும் அவருக்குக் கொடுத்த மேலதிகம் அதைவிடப் பெரிது. அதற்குப் பலன் இல்லாமல் போகவில்லை. காணிகள் சில விடுபட்டன. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 முதல் படங்களை ஏந்திக்கொண்டு தெருவோரம் இருக்க முடிந்தது. முந்திய ஆட்சியில் அது நினைத்தும் பார்க்க முடியாதது.

ஆனால் மச்சானின் நியாயம் இந்த இடத்தில்தான் திரும்பி வந்து நிற்கிறது. அந்தத் தாய்மார் இருந்தார்கள்; பதில் வரவில்லை. புதிய அரசியல் யாப்பு பற்றிய பேச்சு 2018 ஒக்டோபர் அரசியல் குழப்பத்தோடு அடங்கிப்போனது. அந்த ஆண்டுகளில் எங்கள் பிரதிநிதிகள் பலர் அரசாங்கத்தைத் தட்டிக் கேட்பதைவிட அதற்குச் சமாதானம் சொல்வதிலேயே காலத்தைக் கழித்தார்கள். குறைந்த தீமையைத் தெரிந்தெடுப்பவர்கள், தாங்கள் தெரிந்தெடுத்தது ஒரு தீமை என்பதைச் சீக்கிரம் மறந்துவிடுகிறார்கள் என்று ஹன்னா அரெண்ட் எச்சரித்தார். நாசிகளிடமிருந்து தப்பி வந்தவரின் எச்சரிக்கை அது. பிரான்சிலும் இதுவே நடந்தது. 2002இல் இடதுசாரி வாக்குகள் சிதறியதால் தீவிர வலதுசாரியான லூ பென் இரண்டாம் சுற்றுக்கு வந்தார். அவரைத் தடுக்க இடதுசாரிகள் தாங்கள் எதிர்த்துவந்த சிராக்குக்கு வாக்களித்தார்கள். சிராக் 82 சதவீதம் பெற்றார். அதில் பெரும்பங்கு கடனாகக் கிடைத்த வாக்கு. அந்தக் கடனைத் திருப்பிக் கேட்க அங்கேயும் வழி இருக்கவில்லை.

ஆக, குறை வாக்களிப்பில் இல்லை; வாக்களித்த மறுநாளில் இருக்கிறது. இக்கட்டில் கொடுத்த வாக்கை விசுவாசமாக மாற்றிக்கொள்கிறோம். போட்ட புள்ளடியை நியாயப்படுத்துவதற்காகவே, வாக்கைப் பெற்றவர் செய்யும் பிழைகளையும் மூடுகிறோம். மனச்சாட்சிக்கு வாக்களித்தவருக்கும் இதே வியாதி வேறு முகத்தில் வருகிறது. சுத்தமான கையோடு வீட்டுக்கு வந்து, இனி நடப்பதற்கு நான் பொறுப்பில்லை என்று இருந்துவிடுகிறார். இரண்டு பேரும் ஒரே நாளில் கடமையை முடித்துக்கொள்கிறார்கள்.

2024 செப்டெம்பர் 21 தேர்தலில் இந்த வழக்கு எங்கள் மாவட்டத்து மனிதர் ஒருவரின் பெயரிலேயே நடந்தது. முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் பா. அரியநேத்திரன் தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நின்றார். அவருடைய தமிழரசுக் கட்சியே சஜித்தை ஆதரிப்பதாக முடிவெடுத்தது. நாடு முழுவதும் அரியநேத்திரன் பெற்றவை 226,343 வாக்குகள். 1982இல் குமார் பொன்னம்பலம் பெற்ற 173,934ஐயும் தாண்டி, ஒரு தமிழ் வேட்பாளர் தமிழருக்காகக் கேட்டுப் பெற்ற பெரிய தொகை. யாழ்ப்பாணத்தில் அவர் சஜித்தை நெருங்கி வந்தார். சொந்த மட்டக்களப்பில் சஜித், ரணில், அநுரகுமார திசாநாயக்க மூவருக்கும் பின்னால் நாலாவதாக நின்றார்.

இத்தனை வாதத்துக்கும் நடுவில் எல்லாரும் மறந்த ஒன்று அந்த வாக்குச்சீட்டிலேயே இருந்தது. எங்கள் ஜனாதிபதித் தேர்தலில் ஒருவருக்கு 1 என்று போட்டு, அடுத்தவர்களுக்கு 2, 3 என்றும் போடலாம். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முதல் இருவரைத் தவிர மற்றவர்களின் சீட்டுகளில் உள்ள விருப்புகளை எண்ணுவார்கள். 2024இல்தான் முதன்முறையாக அப்படி எண்ண வேண்டி வந்தது. மற்ற வேட்பாளர்களுக்கு விழுந்த சுமார் 33 இலட்சம் வாக்குகளில் முதல் இருவருக்கும் விருப்பாகப் போய்ச் சேர்ந்தவை சுமார் 273,000 மட்டுமே. பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட இல்லை. நெஞ்சில் உள்ளதை 1 என்றும், வரக்கூடிய கேட்டில் குறைந்ததை 2 என்றும் எழுதச் சட்டம் இடம் தந்திருக்கிறது. நாங்களோ ஒற்றைப் புள்ளடியோடு வந்து திண்ணையில் சண்டை பிடிக்கிறோம். நான் அன்று சங்குக்கு 1 போட்டேன். இன்னொருவருக்கு 2 போட்டேன். இரண்டுக்கும் காரணம் சொல்ல என்னால் முடியும்.

எல்லாத் தேர்தலிலும் இந்த வழி இல்லை. நாடாளுமன்றத் தேர்தலில் ஐந்து சதவீத வெட்டுப்புள்ளி உண்டு, முதலிடம் பெறும் கட்சிக்கு மேலதிக ஆசனம் உண்டு. ஐந்தே ஆசனங்கள் உள்ள மட்டக்களப்பில் வாக்குச் சிதறினால் ஆசனம் போகும். 2024 நவம்பரில் அநுரவின் தேசிய மக்கள் சக்தி முதலிடம் பெறாத ஒரே மாவட்டம் மட்டக்களப்பு. தமிழரசுக் கட்சிக்கு மூன்று ஆசனங்கள் கிடைத்தன. அந்தக் கணக்கைப் பார்த்து வாக்களிப்பதில் தவறில்லை. ஆனால் ‘ஆசனம் மற்றவனுக்குப் போய்விடும்’ என்ற பேச்சு ஓட்டமாவடியிலும் ஏறாவூரிலும் வாழும் முஸ்லிம் சகோதரர்மேல் வெறுப்பாகத் திரும்பும் கணத்தில் அது உபாயம் என்ற தகுதியை இழந்துவிடுகிறது. தேர்தலுக்கு மறுநாளும் ஒரே சந்தையில், ஒரே வாவியில்தான் பிழைக்க வேண்டும்.

நான் வந்து சேர்ந்த முடிவு இது. தேர்தலின் விதியை முதலில் படி. உன் கொள்கையின் விலையை யார் செலுத்துவார் என்று பார்; அவரிடம் கேள். குறைந்த தீமைக்கு வாக்களிப்பதானால், எதற்காகக் கொடுக்கிறாய் என்பதை வாக்களிக்குமுன் ஊரறியச் சொல்: மேய்ச்சல் தரை, வெள்ளத்தில் மூழ்காத வீதி, காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்குப் பதில். ஓர் ஆண்டு கழிந்ததும் அந்தப் பட்டியலோடு ஊர்க்கூட்டம் கூடட்டும். வாக்குக் கேட்டு வந்தவர்களை அழைத்து, மாமியும் மச்சானும் ஒரே வாங்கில் இருந்து கணக்குக் கேட்கட்டும். கணக்குச் சரியில்லை என்றால் அடுத்த முறை அந்த வாக்கு கிடையாது என்று முகத்துக்கு நேரே சொல்லட்டும், சொன்னபடி செய்யட்டும்.