அரை நாள்

பள்ளிக்கு நேர அட்டவணை வகுத்தே முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் நான். ஆகவே, அடுத்த நீண்ட விடுமுறையில் தென் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பதினான்கு நாள் சுற்றி வருவதென்று வீட்டில் முடிவானபோது, திட்டம் வகுக்கும் பொறுப்பு இயல்பாகவே என்னிடம் வந்து சேர்ந்தது. பெரிய தாள் ஒன்றை எடுத்துக் கட்டம் போட்டேன். மியூனிக் நகருக்கு நான்கு நாள். ஆல்ப்ஸ் மலையடிவாரத்து ஃபியூசனுக்கு இரண்டு. இசைமேதை மோசார்ட் 1756இல் பிறந்த சால்ஸ்பர்க்குக்கு மூன்று. ஹால்ஸ்டாட் என்னும் ஏரிக்கரைச் சிற்றூருக்கு ஒன்று. எஞ்சிய நான்கும் வியன்னாவுக்கு. பவேரியா மாநிலத்தின் ஒருநாள் பயணச்சீட்டை வைத்துக்கொண்டு, சாதாரண இரயில்களில், எல்லை தாண்டிச் சால்ஸ்பர்க் வரையிலும் போகலாம்; வேலை நாள்களில் மட்டும் அது காலை ஒன்பது மணிக்குப் பிறகே செல்லும். இதைக் கண்டுபிடித்துத் தாளின் ஓரத்தில் குறித்தபோது எனக்கு உண்டான பெருமிதத்தை என் துணைவியார் இன்னமும் சொல்லிச் சிரிக்கின்றார்.

மியூனிக்கின் மூன்றாம் நாள் கட்டத்தை நிரப்பியபின்தான் என் கை நின்றது. அதில் நான் எழுதியிருந்தது இது: "காலை: டாகாவ், அரை நாள். பிற்பகல்: ஆங்கிலப் பூங்கா. இரவு உணவு வெளியில்."

டாகாவ் மியூனிக்கிலிருந்து இரயிலில் அரை மணிக்கும் குறைவான தொலைவில் உள்ள பழைய ஊர். இட்லர் ஆட்சிக்கு வந்து இரண்டு மாதங்கள்கூட நிறைவுறாத நிலையில், 1933 மார்ச் 22இல், அங்கே வதைமுகாம் திறக்கப்பட்டது. 1945 ஏப்ரல் 29இல் அமெரிக்கப் படை வந்து விடுவிக்கும் வரையில் அதிலும் அதன் கிளை முகாம்களிலும் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டுக் கிடந்தனர். அரசை எதிர்த்தவர், யூதர், சமயக் குருமார், நாடோடி மக்கள் எனப் பலரும் அவருள் அடங்குவர். மாண்டவர் குறைந்தது 41,500 பேர். இத்தனை பேருக்கும் நான் ஒதுக்கியது அரை நாள், அதன்பின் பூங்கா. எழுதிய எழுத்து என்னுடையதுதானா என்று எனக்கே ஐயமாக இருந்தது.

துணைவியார் கட்டத்தைப் பார்த்தார். "வாழ்நாளில் ஒரு முறை போகின்றோம். பிறர் பட்ட துயரத்தையுமா காட்சிப் பொருளாக்கிப் பார்த்துவிட்டு வர வேண்டும்?" என்றார். கேள்வியில் நியாயம் இருந்தது. வரலாற்றைக் கற்பதற்காகப் போகின்றோம் என்று ஆசிரியர்க்கே உரிய விடையைச் சொன்னேன். சொல்லி முடிக்குமுன்பே அது நொண்டி விடை என்பது எனக்குப் புலப்பட்டுவிட்டது. கற்பதற்கு நூல்கள் உள்ளன. அந்தந்த மண்ணில் கால் வைத்தால்தான் அறிவு வரும் என்றால், நான் இத்தனை ஆண்டு வகுப்பறைக்குள் நின்று வரலாறு கற்பித்ததெல்லாம் வீண் என்றாகிவிடும் அன்றோ?

சரி, டாகாவை நீக்கிவிடலாம் என்று அழிப்பானைக் கையில் எடுத்தேன். நீக்கினால் என் பயணம் களங்கமற்ற இன்பப் பயணமாகிவிடுமா? ஃபியூசனை அடுத்துள்ள நொய்ஷ்வான்ஸ்டைன் அரண்மனையை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் லூட்விக் மன்னன் 1869இல் கட்டத் தொடங்கி, 1886இல் இறக்கும்வரை முற்றுப்பெறாத கனவு மாளிகை அது. போர்க்காலத்தில் பிரான்சு நாட்டு யூதர்களிடமிருந்து கொள்ளையிட்ட கலைச்செல்வங்களைப் பதுக்கி வைத்த கிடங்கும் அதுவேதான். மியூனிக்கில் நாங்கள் நின்று படம் எடுக்கவிருந்த கோனிக்ஸ்பிளாட்ஸ் சதுக்கத்தில் 1933 மே 10 இரவு நூல்களைக் குவித்து எரித்தார்கள். வியன்னாவின் ஹோஃப்பர்க் மாளிகை மாடத்திலிருந்துதான் 1938 மார்ச் 15இல் இட்லர் பேசினான். கீழே திடல் நிறைந்த மக்கள் ஆர்ப்பரித்தார்கள். ஆக, எந்த வழியாகச் சென்றாலும் அந்தத் துயரத்தின் மேல்தான் நடக்கப் போகின்றோம். அறிந்து நடப்பதா, அறியாதவர் போல நடப்பதா என்பது மட்டுமே நம் கையில் உள்ளது.

என்றாலும், துணைவியாரின் கேள்விக்கு இது முழு விடையன்று. வேடிக்கை பார்ப்பவனாக நான் ஆகிவிடமாட்டேன் என்பதற்கு என்ன உறுதி?

இந்த இடத்தில் என் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கின்றது. சயாம் - பர்மா இரயில் பாதை போடுவதற்காக 1943இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆள் திரட்டியபோது, என் பெரியப்பாவும் சென்றார். நல்ல கூலி என்று சொன்னார்களாம். அவர் திரும்பவில்லை. காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசை வரிசையாய் உள்ளன. பெரியப்பாவுக்குப் பெயர் பொறித்த கல் எங்கும் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவர் அங்குச் சென்று, ஆற்றுப் பாலத்தின் மேல் குடும்பத்தோடு சிரித்து நின்ற படத்தைக் கொண்டுவந்து காட்டினார். என் தந்தையார் அதை வாங்கி நெடுநேரம் பார்த்தார். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். "அந்தப் பக்கம் கரையில் என்ன இருக்கிறது? நடந்து பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். உறவினருக்கு விடை தெரியவில்லை. வண்டிக்கு நேரமாகிவிட்டதாம்.

டாகாவ் முகாமின் இரும்புக் கதவில் 'உழைப்பு விடுதலை தரும்' என்று பொருள்படும் சொற்கள் உள்ளன. நல்ல கூலி என்ற சொல்லை நம்பிப் போனவர் வீட்டுப் பிள்ளைக்கு அவை சற்று வேறுவிதமாகவே சுடும். அங்கே இன்றுள்ள நினைவிடம் 1965இல் திறக்கப்பட்டது. அதை வற்புறுத்திக் கேட்டுப் பெற்றவர்கள் அம்முகாமில் அடைபட்டு உயிர்தப்பியவர்களே. எங்கள் துயரத்தைப் பார்க்க வராதீர்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. இடத்தைக் காத்து வைத்தார்கள். வருபவன் எப்படி வருகின்றான் என்பது அவன் பொறுப்பு.

மூன்றாம் நாள் கட்டத்தில் 'அரை' என்பதை அழித்தேன். பிற்பகல் பூங்காவையும் வெளி உணவையும் எடுத்துவிட்டு, அவ்விடத்தை வெறுமையாக விட்டேன். பூங்காவுக்காக ஃபியூசனில் ஒரு நாள் குறைந்தது. அரண்மனையை வெளியில் நின்று பார்த்தால் போதும். உள்ளே போனாலும் வழிகாட்டி நமக்குத் தருவது அரை மணிதான். இதனால் நான் நேர்மையாளன் ஆகிவிட்டதாக எண்ண வேண்டா. சால்ஸ்பர்க்கிலிருந்து வியன்னா செல்லும் இரயில் லின்ஸ் நகரைக் கடந்து போகின்றது. அதன் அருகேதான் மவுத்தவுசன் முகாம். கருங்கல் வெட்டவைத்தே கொன்ற இடம். மாண்டவர் குறைந்தது 90,000 பேர். அங்கே நாங்கள் இறங்கப் போவதில்லை. ஏன் என்று கேட்டால், நாள் இல்லை என்ற அதே விடைதான் என்னிடமும் இருக்கின்றது.

துணைவியார் இன்னும் முழுதும் உடன்படவில்லை. கதவு வரைக்கும் வருவாராம். உள்ளே வருவதைப் பற்றி அங்கே நின்ற பிறகுதான் சொல்ல முடியுமாம். அதற்கும் கட்டத்தில் இடம் விட்டிருக்கின்றேன்.