முந்தி வந்தவரின் முறை

 

ஜும்ஆ நாளில் பள்ளிவாசலின் வாயிலில் மலக்குகள் நின்று, முந்தி வருவோரை முறைப்படி எழுதிக்கொள்கிறார்கள் என்பது நாம் பலமுறை கேட்ட ஹதீஸ். அந்த ஏட்டில் செல்வந்தருக்கென்று தனிப் பக்கம் கிடையாது. ஸஃப்பிலும் முதலாளியின் தோளோடு மூட்டை சுமப்பவரின் தோள் ஒட்டி நிற்கிறது. ஸலாம் கொடுத்துக் கடைக்குத் திரும்பியதும் நமக்கு என்ன நேர்ந்துவிடுகிறது?

ஒரு மாலை, அரைக் கிலோ சீனிக்காக ஒரு சிறுவன் நம் கல்லாவின் எதிரே நின்றான். மொத்தக் கொள்முதல்காரர் ஒருவர் வந்தார். நாற்காலி போட்டோம், தேநீர் வரவழைத்தோம். அவருக்குப் பின் இன்னொருவர். அரை மணி நேரம் நின்ற பிள்ளை, கையிலிருந்த நோட்டைச் சுருட்டிக்கொண்டு பேசாமல் போய்விட்டான். தராசில் ஒரு குந்துமணி குறைந்தால் பாவமென்று அஞ்சுகிற நாம், ஒருவருடைய அரை மணி நேரத்தை எடுத்துக்கொண்டதைப் பாவமென்று எண்ணவேயில்லை!

ஒருமுறை நாயகம் (ஸல்) அவர்களிடம் பானம் கொண்டுவரப்பட்டது. அருந்தினார்கள். வலப்பக்கம் ஒரு சிறுவர், இடப்பக்கம் முதியோர். வலப்பக்கத்தாருக்கே முதலில் தருவது முறை. முதியோருக்கு முதலில் கொடுக்க அனுமதி தருவாயா என்று அந்தச் சிறுவரிடமே கேட்டார்கள். தங்களிடமிருந்து வரும் என் பங்கை எவருக்கும் விட்டுத்தர மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். கிண்ணம் அவர் கைக்கே போயிற்று. புகாரியில் ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி இது. அண்ணலார் ஒரு பிள்ளையிடம் அனுமதி கேட்டார்கள். நாம் கேட்டோமா?

கணக்காகவும் பார்ப்போம், வியாபாரிகளாயிற்றே! மொத்தச் சரக்கு கட்ட 20 நிமிஷம், சீனி நிறுக்க 2 நிமிஷம் என்று வையுங்கள். பெரியவர் முதலில் என்றால் சிறுவன் 20 நிமிஷம் நிற்கிறான். சிறுவன் முதலில் என்றால் பெரியவர் இருப்பது 2 நிமிஷமே. ஆகவே, பெரியவரே முந்தி வந்திருந்தாலும், “இந்தப் பிள்ளையை அனுப்பிவிடட்டுமா?” என்று அவரிடம் கேட்கலாம், பெரும்பாலும் மறுக்கமாட்டார். மருந்து வாங்க ஓடவேண்டியவருக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் இப்படியே நாம் வாய்திறந்து கேட்போம். முறைக்கு உரியவரைக் கேட்காமல் மாற்றுவதுதான் கூடாது.

அந்தச் சிறுவனின் வீடு இரண்டு தெரு தள்ளி. மறுநாள் சீனியோடு போய் மன்னிப்புக் கேட்டோம். தாயார் வாங்கிக்கொண்டு, காசையும் எண்ணிக் கொடுத்தார். பையன் மட்டும் இன்னும் எதிர்க்கடைக்கே போகிறான்.