காலளவுக் குழி

ஒட்டாவாவின் மேற்கு ஓரத்தில், என் அலுவலகத்திலிருந்து காரில் பத்து நிமிடத் தொலைவில், ஸ்டோனி ஸ்வாம்ப் என்றொரு காடு இருக்கிறது. கல்லும் சதுப்பும்தான், பெயரிலேயே அது இருக்கிறது. நகரத்தைச் சுற்றி வீடு கட்டாமல் விட்டுவைத்திருக்கும் கிரீன்பெல்ட்டின் ஒரு துண்டு. சீடரும் பைனும் மேப்பிளும் நிற்கும். பழைய சுண்ணாம்புக் காளவாய் ஒன்று இடிந்து கிடக்கிறது. கிங்ஸ்டனுக்குப் போகும் ரிடோ ட்ரெயில் இதற்குள் நுழைந்து போவதால் மரங்களில் ஆரஞ்சு நிற முக்கோணங்கள் அடித்திருப்பார்கள். கிங்ஸ்டன் திசையைக் காட்டுபவற்றுக்கு மட்டும் நுனியில் மஞ்சள். வருஷத்தில் நாலு மாதம் இவையெல்லாம் பனிக்கு மேலே கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கின்றன.

அங்கேதான் ஓடுகிறேன். போட்டிக்காக இல்லை. காலை ஐந்தரைக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நாற்பது நிமிடம். பனி இறுகிக் கிடந்தால் ஷூவுக்கு அடியில் சின்ன ஆணிச்சங்கிலி மாட்டி ஓடுவேன், புதுப்பனி விழுந்திருந்தால் ஸ்னோஷூ போட்டு நடப்பேன். பிறகு குளித்து, தோசை தின்று, வேலைக்கு. பல் தேய்ப்பது மாதிரி ஆகிவிட்டது. உடன்குடியிலிருந்து அம்மா போனில் கேட்பாள், "யாருல உன்னத் தொரத்துதா? இந்தக் குளிருல எதுக்குல ஓடுத?" பதில் சொல்லத் தெரியாது. மைனஸ் இருபதில் காலடிப் பனி கிறீச்சிடும் சத்தத்தை ஒருநாள் போனிலேயே கேட்க வைத்தேன். "அப்பளத்த மிதிச்ச மாதிரி இருக்கு"ன்னு சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள்.

இந்தக் கட்டுரை ஓட்டத்தைப் பற்றியது இல்லை. ஒரு குழியைப் பற்றியது.

பனிப்பாதை எப்படி உண்டாகிறது என்பதைக் கொஞ்சம் சொல்லணும். கோடையில் பாதை மண்ணில் இருக்கிறது, நாம் போனாலும் போகாவிட்டாலும் இருக்கும். குளிர்காலத்தில் அப்படி இல்லை. இரவில் ஒன்றரை அடி பனி விழுந்தால் பாதை காணாமல் போய்விடும். யாராவது ஒருத்தர் முதலில் போய் மிதிக்கணும். பின்னால் வருகிறவர் அதன் மேலேயே மிதிக்கணும். அழுத்தப்பட்ட பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சில மணி நேரத்தில் கெட்டியாகும், இரவுக் குளிரில் சிமெண்டு மாதிரி ஆகும். மறுநாள் அதன்மேல் ஓடலாம். ஆக, நான் ஓடும் பாதையின் ஒவ்வொரு அடியும் எனக்கு முன்னால் போன யாரோ ஒருவருடைய மூச்சிரைப்பு.

முதலில் போகிறவருக்கு ஸ்னோஷூ வேண்டும். வெறும் ஷூவைவிட மூன்று நான்கு மடங்கு பரப்பு என்பதால் உடம்பின் பாரம் பரவி, பனி அமுங்குமே தவிர உடையாது. இந்த மண்ணின் ஆதிகுடிகள் ஆஷ் மரத்தை வளைத்து, தோல் வாரைப் பின்னிக் கண்டுபிடித்த பொருள் அது. ஒட்டாவா இருப்பதே அல்கான்குவின் மக்கள் யாருக்கும் எழுதிக்கொடுக்காத நிலத்தில்தான். இன்று கடையில் விற்கும் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் அதே யோசனையின் பேரப்பிள்ளைகள்.

ஸ்னோஷூ இல்லாமல் புதுப்பனியில் இறங்கினால் முழங்கால் வரை புதையும். காலை உருவி எடுத்தால் வேலிக்கம்பம் நடத் தோண்டிய மாதிரி ஒரு குழி நிற்கும். பகலில் அது வெறும் ஓட்டை. அழுத்திய பனி கெட்டியாகும் என்றேன் அல்லவா, அதே விதிப்படி குழியின் சுவரும் கெட்டியாகும். மறுநாள் காலை அது கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும் கல்தொட்டி. மேலே இரண்டு அங்குலம் பனி தூவிவிட்டால் கண்ணுக்கே தெரியாது.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு கிழவர். எழுபது தாண்டியிருக்கும். மரச்சட்டமும் தோல் பின்னலுமாய்ப் பழைய ஸ்னோஷூ வைத்திருப்பார். பனி விழுந்த மறுநாளெல்லாம் அந்தச் சுற்றில் முதல் ஆள் அவர்தான். யாரும் சொல்லி அவர் செய்யவில்லை, சம்பளமும் கிடையாது. என் முதல் குளிர்காலத்தில் பார்க்கிங்கில் என் காலைப் பார்த்துவிட்டு, "நீங்க ஓடுறது நல்ல விஷயம். ஆனா குழி போடாதீங்க" என்றார். அவ்வளவுதான் உபதேசம். மறுவாரமே ஸ்னோஷூ வாங்கினேன்.

போன பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. இரவெல்லாம் பனி. காட்டுக்கு வந்து டிக்கியைத் திறந்தால் ஸ்னோஷூ இல்லை. மனைவியின் காரில் கிடக்கிறது. ஏழரைக்கு ஒரு மீட்டிங். அந்த வாரம் முழுக்க மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட வாரம், அந்த நாற்பது நிமிடம் இல்லையென்றால் யார்மேலாவது விழுந்து கடித்திருப்பேன். கிழவர் இன்னும் வரவில்லை, பார்க்கிங்கில் என் கார் மட்டும்தான். ஒரு நாள்தானே என்று இறங்கிவிட்டேன். சீடர் வளைவு வரை போய்த் திரும்பினேன். ஒவ்வொரு அடியும் முழங்கால் வரை புதைந்தது. ஓட்டம் என்று சொல்ல முடியாது, நாற்று நடுகிறவன் நடை. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்கக் கூடாது.

சனி, ஞாயிறு போகவில்லை. செவ்வாய்க்கிழமை பார்க்கிங்கில் நாயோடு வரும் பெண் சொன்னார், கிழவர் சனிக்கிழமை காலையில் சீடர் வளைவுக்கிட்ட விழுந்துட்டார், ஸ்னோஷூவின் ஒரு ஓரம் குழியில் இறங்கி முழங்கால் திருகிவிட்டது, இரண்டு பேர் தாங்கிக் கூட்டிக்கொண்டு வந்தோம் என்று. "எவனோ ஒரு முட்டாள் வெறும் ஷூவோட நடந்திருக்கான்."

"ஐயோ, ரொம்ப மோசம்" என்றேன்.

அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து எனக்குள் ஒரு வக்கீல் உட்கார்ந்துகொண்டான். வெள்ளிக்கிழமை உனக்குப் பிறகும் ஆட்கள் போயிருப்பார்கள், அதில் வெறும் ஷூக்காரர்களும் இருந்திருப்பார்கள், அந்தக் குழி உன்னுடையது என்பதற்கு என்ன சாட்சி? அங்கே நடக்கக் கூடாது என்று போர்டு இல்லை. காட்டுக்குள் வருகிறவர் விழக்கூடும் என்று தெரிந்துதானே வருகிறார்? கடைசி வாதம்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது, ஆனால் இரவு இரண்டு மணிக்கு அதையும் பயன்படுத்தினேன்.

டெரிக் பார்ஃபிட் 1984ல் வந்த 'ரீசன்ஸ் அண்ட் பெர்சன்ஸ்' புத்தகத்தில் ஒரு கற்பனைக் கணக்கு போடுகிறார். ஆயிரம் சித்திரவதைக்காரர்கள். ஒவ்வொருவரும் பொத்தானை அமுக்கினால் ஆயிரம் கைதிகளுக்கும் வலி கண்ணுக்கே தெரியாத அளவு கூடும். தனியாக எடுத்தால் எவன் செய்ததும் ஒரு பொருட்டே இல்லை. கூட்டினால் கொடூரம். தட்பவெப்பம், குப்பை, டிராஃபிக் என்று நம் காலத்துத் தவறுகளில் பாதி இந்த வடிவில்தான் இருக்கின்றன, அதனால் இந்த உதாரணம் எனக்குப் பிடிக்கும். ஆரம்பத்தில் நானும் இதற்குள் போய் ஒளிந்துகொள்ளப் பார்த்தேன். நான் போட்டது நூற்றில் ஒரு பங்கு என்று. ஆனால் கொஞ்சம் யோசித்தால் இது ஒட்டவில்லை. கிழவர் ஒரு குழியின் பங்கில் விழவில்லை. ஒரு முழுக் குழியில் விழுந்தார். அந்தக் குழிக்கு ஒரே ஒரு கால்தான் உண்டு. யாருடையது என்று தெரியாது, அவ்வளவுதான். பொறுப்பு பலபேருக்குள் பிரிந்து மெலிந்துபோகவில்லை. முழுசாக எங்கேயோ இருக்கிறது, முகவரி மட்டும் இல்லை.

பெர்னார்ட் வில்லியம்ஸ் இன்னொருவனைக் காட்டுகிறார். லாரி ஓட்டுநர். தன் தவறு எதுவும் இல்லாமலேயே ஒரு குழந்தையின் மேல் ஏற்றிவிடுகிறான். சுற்றி நிற்கிறவர்கள் 'உம்மேல தப்பில்லப்பா' என்று தேற்றத்தான் வேண்டும். ஆனால் அவன் உடனே தேறிவிட்டால், 'ஆமாமா, என்மேல தப்பில்ல' என்று கிளம்பிவிட்டால், நமக்கு அவன்மேல் ஒரு சந்தேகம் வரும். செய்தவனுக்கு மட்டுமே உரிய ஒரு வருத்தம் இருக்கிறது, வேடிக்கை பார்த்தவனின் வருத்தம் வேறு என்கிறார்.

இதைப் படித்தபோது மனுநீதிச் சோழன் ஞாபகம் வந்தது. நாம் எப்போதும் ராஜாவைத்தான் பேசுகிறோம், மணியை, பசுவை, நீதியை. தேரில் இருந்த பையனை யார் கேட்டோம்? கன்று சக்கரத்துக்குள் தானாக ஓடி வந்து விழுந்தது. பெரியபுராணத்தில் அவன் பதறுகிறான், அப்பாவுக்குத் தெரிவதற்குள் என்ன பரிகாரம் உண்டென்று தேடி ஓடுகிறான். மந்திரியும் சட்டப்படிப் பிராயச்சித்தம் போதும் என்கிறார். தேரை மகன்மேல் ஏற்றச் சொன்னபோது அந்த மந்திரி தன் உயிரையே விடுகிறார். ஒரு கன்றுக்குக் கணக்கு இப்படி நீண்டுகொண்டே போகிறது. அரசன் செய்தது எனக்கு ஒருநாளும் சரியாகப் பட்டதில்லை, பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தபோதும் இல்லை. ஆனால் 'அப்பாவுக்குத் தெரிவதற்குள்' என்ற அந்த அவசரம் எனக்கு இப்போது நன்றாகப் புரிகிறது.

லாரிக்காரனும் இளவரசனும் என்னைவிட நல்ல நிலையில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். குழி என்ன செய்யும் என்று எனக்கு ஒருத்தர் வாயால் சொல்லியிருந்தார், அவரே விழுந்திருக்கிறார். அந்தக் குழி என்னுடையதோ இல்லையோ, நான் போட்ட குழிகள் அத்தனையும் அவர் விழக்கூடிய குழிகள்தான். வேறொருவன் குழி முந்திக்கொண்டது என்றால் அது என் அதிர்ஷ்டம், என் நேர்மை இல்லை. இவ்வளவு தூரம் வந்தபிறகு வக்கீல் வாயை மூடிக்கொண்டான்.

ஆனால் என்னை அரித்தது குழி இல்லை. 'ரொம்ப மோசம்' என்ற அந்த இரண்டு வார்த்தை. ஏன் சொல்லவில்லை? வெட்கம் என்று சொல்லி முடித்துவிடலாம். உண்மை அதைவிடக் கேவலமானது. அந்தக் காட்டில் நான் எட்டு வருஷமாகப் போகிறேன், என் நிறத்தில் இரண்டு மூன்று பேரைத்தான் பார்த்திருக்கிறேன். 'எவனோ ஒரு முட்டாள்' என்று அவர் சொன்னபோது அந்த முட்டாளுக்கு முகம் இல்லை. நான் வாயைத் திறந்தால் முகம் வந்துவிடும், அந்த முகம் பனி தெரியாத ஊரிலிருந்து வந்தவனுடையதாக இருக்கும். எனக்காக இல்லை, 'நம்ம ஆட்களுக்காக' மௌனமாக இருந்தேன் என்றுகூட ஒரு நிமிடம் நினைத்துக்கொண்டேன். பயத்துக்கு இப்படியெல்லாம் சட்டை மாட்ட முடிகிறது. அந்தப் பெண் அப்படி நினைத்திருப்பாரா என்பது வேறு விஷயம். நான் அவருக்கு அந்த வாய்ப்பையே கொடுக்கவில்லை.

உடன்குடிப் பக்கம் தேரிக்காடு உண்டு. செக்கச்சிவந்த மணல், கால் புதையும், நடக்க இதே மூச்சிரைப்பு. சின்ன வயதில் பனைக்குப் பனை நிழல் தேடி ஓடியிருக்கிறேன். ஆனால் அங்கே சாயங்காலக் காற்றில் நம் தடம் இருந்த இடமே தெரியாது. மண் கணக்கு வைத்துக்கொள்ளாது. அம்மா ஒன்று மட்டும் செய்வாள், பாதையில் உடைமுள் கிடந்தால் குனிந்து எடுத்துத் தூரப்போட்டுவிட்டுத்தான் நடப்பாள். "நாம போட்ட முள்ளா?" என்று கேட்டால், "யாரு போட்டா என்னல, பின்னால வாரவன் காலு நம்ம காலுதான்" என்பாள். எனக்கு அதை எடுத்துக்கொள்வதில் ஒரு தயக்கம் உண்டு. யார் போட்டாலும் எடு என்பது பெரிய மனசுதான். ஆனால் போட்டவனுக்கு அதில் ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது. மார்ச் மாதம் முழுக்க நான் அதைத்தான் செய்தேன். சின்ன மண்வெட்டி ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு, கண்ணில் பட்ட குழியையெல்லாம் பனி போட்டு மிதித்து மூடினேன். ஒருத்தர் நின்று நன்றி சொல்லிவிட்டுப் போனார். அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரலில் உதிரிப் பனியெல்லாம் உருகி, மிதித்து இறுகிய பாதை மட்டும் வரப்பு மாதிரி வெள்ளையாக நீண்டு கிடந்தது. அதுவும் ஒருநாள் இல்லை. கிழவர் அந்தப் பருவம் முழுக்க வரவில்லை.

இந்த டிசம்பரில் முதல் பெரிய பனி விழுந்த மறுநாள் பார்க்கிங்கில் அவர் கார் நின்றது. மரப்பலகையில் உட்கார்ந்து வாரை இறுக்கிக்கொண்டிருந்தார். வலது முழங்காலில் கறுப்புப் பட்டை. பக்கத்தில் போய் நின்று சொன்னேன். வெள்ளிக்கிழமை, ஸ்னோஷூ இல்லை, சீடர் வளைவு வரை, பிறகு அந்தப் பெண்ணிடம் சொன்ன பொய். என் ஆங்கிலம் அன்று ரொம்ப மோசமாக இருந்தது. நடுவில் அவர் ஒன்றும் கேட்கவில்லை. முடித்ததும், "வளைவுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்றார்.

"வளைவிலதான் திரும்பினேன்."

கொஞ்ச நேரம் மரங்களைப் பார்த்தார். அவர் விழுந்தது எந்தப் பக்கம் என்று சொல்வார் என நினைத்தேன். சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.

எழுந்து, குச்சியை ஊன்றி, முழங்காலை ஒருதரம் மடக்கிப் பார்த்தார். "இன்னைக்கு நீங்க முன்னால போங்க. என்னால முடியாது" என்றார்.

இரண்டடிப் பனி. நூறு அடிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கினேன். பின்னால் அவர் ஸ்னோஷூவின் சத்தம் நான் மிதித்த இடத்திலேயே வந்துகொண்டிருந்தது. வளைவு வந்தபோது திரும்பிப் பார்க்கலாமா என்று தோன்றியது. பார்க்காமல் நடந்தேன்.